ஐம்பதுக்கு வாய்தா

பத்து லட்சம் பேருக்குப் பத்து நீதிபதிகள் போதாது, ஐம்பது பேர் வேண்டும் என்று 1987-இலேயே சட்ட ஆணையம் சொன்னது. ஐந்தாண்டில் நிறைவேற்றுங்கள் என்று 2002-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. இன்றும் இருபதைச் சுற்றித்தான் நிற்கிறோம். டவாலி எத்தனை முறை கூவினாலும் அந்த ஐம்பது மட்டும் ஆஜராவதில்லை. 2016-இல் பிரதமர் முன்னிலையில் தலைமை நீதிபதி தாக்கூர் கண்கலங்கினார், கண்ணீருக்கும் வாய்தாதான்.

வக்கீல்கள் வாய்தா கேட்பதுதானே தாமதத்துக்குக் காரணம் என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் ஐந்து மணி நேரத்தில் நூறு கட்டுகளைப் புரட்ட வேண்டிய நீதிபதிக்கு ஒரு வழக்குக்கு மூன்று நிமிடம். அதற்குள் சாட்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்கே நேரம் போய்விடும். வாய்தா கேட்காவிட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கீழமை நீதிமன்றங்களில் நிலுவை நான்கு கோடியைத் தாண்டிவிட்டது.