டீக்கடை ஆர்டரில் ‘சர்க்கரை கம்மி’யின் இடம்: ஓர் இலக்கண ஆய்வு

‘மாஸ்டர், ரெண்டு டீ, ஒரு காபி, சர்க்கரை கம்மி.’ தமிழ்நாட்டு டீக்கடைகளில் நாளெல்லாம் ஒலிக்கும் இத்தொடரைப் புலவர் உலகம் கண்டுகொள்ளாமல் விட்டது வருந்தத்தக்கது.

ஆய்வுக் கருவியாக, 1959இல் ஜான் பேக்கஸ் நிரல்மொழிக்கென வகுத்த விதிமுறையைக் கொள்வோம். (பேக்கஸ் பெயரால் வழங்கும் அம்முறையின் பெயரில் சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று 1967இல் ஒருவர் கடிதமே எழுதினார். நியாயமான கோரிக்கை.) அம்முறைப்படி, ஆர்டர் என்பது ஓர் உருப்படி, அல்லது ஓர் உருப்படியும் அதைத் தொடரும் இன்னோர் ஆர்டரும். தன்னையே அழைத்துக்கொள்ளும் இவ்விதி முடிவில்லா ஆர்டர்களை அனுமதிக்கிறது, பால்தான் அனுமதிப்பதில்லை.

வில்லங்கம் கடைசி இரு சொற்களில். கம்மி காபிக்கு மட்டுமா, மூன்றுக்குமா? தொடரின் அமைப்பைக் கிளைகளாக வரைந்தால், ஒரே தொடருக்கு இரண்டு மரங்கள் முளைக்கின்றன. ‘எல்ஸ்’ எந்த ‘இஃப்’புக்கு உரியது என்று ஆல்கால் 60 நிரல்மொழியின் முதல் அறிக்கையிலும் இதே தகராறு. அருகில் இருப்பதற்கே என்று சி மொழி தீர்ப்புச் சொன்னது. அதைக் கடையில் அமல்படுத்தினால் டீ கேட்ட சர்க்கரை நோயாளி பாடு திண்டாட்டம்.

இதைவிடக் கொடுமை வரிசையில் இருக்கிறது. கிளாஸில் முதலில் விழுவது சர்க்கரை. ஆர்டரில் கடைசியாக வருவதும் சர்க்கரை. 1965இல் டொனால்ட் கனூத் விவரித்த எல்ஆர் என்னும் தொடர்ப் பகுப்பு முறை இடமிருந்து வலமாக, வந்த வழி திரும்பாமல் படிக்கும். அடுத்து வரும் ஒரு சில சொற்களை மட்டும் எட்டிப் பார்த்துக்கொள்ளும். மாஸ்டரும் திரும்புவதில்லை. ஆனால் எட்டியும் பார்ப்பதில்லை. ‘ரெண்டு டீ’ காதில் விழுந்ததுமே ஸ்பூன் இறங்கிவிடுகிறது. போட்ட சர்க்கரையை எடுக்கும் விதி எந்த இலக்கணத்திலும் கிடையாது. அந்த டீ அடுத்து வருபவருக்குப் போகும். அவர் ‘வித்தவுட்’ கேட்டுவிட்டால் அது தனி அத்தியாயம்.

அடைமொழி முன்னால் வருவதுதானே நம் வழக்கம், ‘சர்க்கரை கம்மியா ரெண்டு டீ, ஒரு காபி’ என்றால் ஆகாதா? ஆகும், ஸ்பூன் நிற்கும். அந்தக் ‘கம்மியா’ டீயோடு நிற்குமா, காபிவரை போகுமா என்ற கேள்வி மட்டும் நிற்காது.

நடைமுறையில் மாஸ்டர் முகத்தைப் பார்த்துத் தீர்க்கிறார். சூழல் சார்ந்த இலக்கணம் என்று மொழியியலாளர் சோம்ஸ்கி ஒரு வகை பிரித்தார். அவர் கருதிய சூழல் பக்கத்துக் குறியீடு. பக்கத்தில் நின்று முறைக்கும் மனைவி அல்ல. கடை வழக்கில் பின்னதற்கே வலு அதிகம்.

மூன்று கிளாஸும் தட்டில் வந்தபின் எந்த மரம் வென்றது என்று கண்ணால் அறிய வழியில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துப் பார்க்கும் சோதனை அறிவியல்படி குற்றமற்றது. உடன் வந்த இருவரும் அதை ஏற்பதில்லை.