பாதகமாக ஏதுமில்லை

என் அம்மா பிரான்சில் பிறந்தவள். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அம்மாவே கடைசிவரை நம்பவில்லை. அவள் பிறந்தது 1936-ல், பாகூரில். கடலூரில் தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டினால் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஆனால் அன்றைக்கு அது பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியைச் சேர்ந்த மண். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அந்த நாளில் அம்மா கடலூர் செம்மண்டலத்தில் எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டோ என்னை அடித்துக்கொண்டோ இருந்திருப்பாள்.

இந்தச் சரித்திரமெல்லாம் 1980 வரை எங்கள் வீட்டுக்குத் தேவைப்படவில்லை. அந்த வருஷம் எனக்கு மத்திய அரசு வேலை கிடைத்தது. வேலைக்கு முன்னால் அட்டஸ்டேஷன் பாரம் வந்தது, மூன்று படிகள். பொய் சொன்னாலோ உண்மையை மறைத்தாலோ வேலை போய்விடும் என்று தலைப்பிலேயே மிரட்டல். அதன் பிறகு நலம் விசாரிப்பு: அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் பிறந்த ஊர், பிறப்பால் எந்த நாட்டவர், என்ன தொழில், பதினைந்து வயதிலிருந்து எங்கே படித்தாய், ஐந்து வருஷத்தில் எங்கெங்கே குடியிருந்தாய். பாகிஸ்தானிலிருந்து வந்தவரானால் அங்கிருந்த முகவரியும் வந்த தேதியும் வேண்டும். எங்கள் பக்கம் வெளியிலிருந்து வந்து போவது நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகள் மட்டுமே. 'பொருந்தாது' என்று எழுதும்போது கை பெருமையாக ஓடியது. அம்மாவின் கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"பாகூர், தென்னாற்காடு மாவட்டம்னு போட்றா. எவன் போய்ப் பாக்கப் போறான்?" என்றார் அப்பா. மஞ்சக்குப்பத்தில் தெரிந்த வக்கீல் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. 'பாகூர், அப்போதைய பிரெஞ்சு இந்தியா. தற்போது இந்தியர்' என்று எழுதச் சொன்னார். அன்று முதல் அப்பா அம்மாவை 'தொரசானி' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

நான் சொல்வதெல்லாம் நிஜம் என்று ஒரு கெஜட்டட் ஆபீசர் சான்று தர வேண்டும். 'இவரை எனக்கு இத்தனை ஆண்டு, இத்தனை மாதமாகத் தெரியும்' என்று அச்சடித்த வரியில் எண்ணை நிரப்பிப் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரே கெஜட்டட் ஆபீசர் கால்நடை மருத்துவர். அவருக்கும் எங்களைத் தெரியாது, எங்கள் பசுவைத் தெரியும். பசுவின் பழக்கத்தை என் கணக்கில் வரவு வைத்து, மூன்று ஆண்டு என்று எழுதி முத்திரை குத்தினார். அந்த வருஷங்களில் இந்திய அரசின் ரகசியங்களைக் கட்டிக்காத்தவர்களில் பாதிப் பேரின் நாணயத்துக்கு மாட்டு டாக்டர்கள்தான் ஜாமீன் என்பது என் கணிப்பு.

கொஞ்ச நாளில் ஏட்டையா வந்தார். சைக்கிள், கக்கத்தில் தோல் பை, மடித்த காகிதத்தில் என் பெயர். எங்கள் வீட்டுக்கு வரவில்லை; முனையில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். ரகசிய விசாரணை என்பதால் தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தார். பையன் யார் யாரோடு சுற்றுகிறான்? எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போவான்? குடி, சீட்டு உண்டா? இட்லிக்கார ஆயா, "நாலணா பாக்கி வச்சதில்லீங்க" என்று சாட்சி சொன்னாள். இதை நினைத்து அப்போது சிரித்தோம். பிறகு தெரிந்துகொண்டேன், அமெரிக்காவில் ரகசியப் பதவிக்கு ஆள் எடுக்கும்போதும் கடன் பாக்கியைத்தான் துருவித் துருவிக் கேட்கிறார்கள். கடன்காரனை எதிரி விலைக்கு வாங்கிவிடுவான் என்ற பயம். வாஷிங்டன் பெரிய பாரம் போட்டுக் கேட்பதை ஆயா ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் அப்பாவுக்கும் வரப்புத் தகராறு. வீடே அவரை நினைத்து நடுங்கியது. அவர் பெருந்தன்மையாக, "பையன் தங்கம். அவங்க அப்பன்தான் ஒரு மாதிரி" என்றார். ஏட்டையா அதையும் குறித்துக்கொண்டார்.

கடைசியில் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"வெளிநாட்டுல ஒறவு யாராச்சும் உண்டா தம்பி?"

"பாண்டிச்சேரில பெரியம்மா இருக்காங்க. பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இந்தோசீனா வரைக்கும் போனவரு. பென்சன் பிரான்சுலேருந்து வருது. அவரு பிரெஞ்சுப் பிரஜை."

"பாண்டிச்சேரி வெளிநாடா? நானே வாராவாரம் போயிட்டு வரேனே."

தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு இருந்தது. வாராவாரம் எதற்குப் போகிறார் என்று கடலூர்க்காரன் எவனும் கேட்க மாட்டான். அப்பாவும் கேட்கவில்லை. என் பெரியப்பாவின் பிரெஞ்சுத் தொடர்பு அத்துடன் கைவிடப்பட்டது.

அடுத்த கேள்விதான் வயிற்றைக் கலக்கியது. "ஒங்க சித்தப்பா அறுபத்தஞ்சுல அண்ணாமலை யுனிவர்சிட்டில இருந்தாப்ல, இல்ல?"

சிதம்பரத்தில் 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து மாணவர் இராசேந்திரன் இறந்தார். என் சித்தப்பா அந்த ஊர்வலத்தில் போனவர். பிறகு கொஞ்ச நாள் உள்ளே இருந்தார். அவர் பெயர் எங்கோ ஒரு நோட்டில் ஏறியிருந்தது, பதினைந்து வருஷம் கழித்தும் ஏட்டையாவின் வாயில் இருந்தது. ஆனால் அதற்குள் காலம் தலைகீழாகி இருந்ததே! 1967-ல் அந்தக் கிளர்ச்சியின் பெயரைச் சொன்ன கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டது. கைதானவர்கள் மந்திரி ஆனார்கள்; கைது செய்தவர்கள் அவர்களுக்கு சல்யூட் அடித்தார்கள். பின்னாளில் மொழிப்போரில் சிறை போனவர்களுக்கு மாநில அரசு ஓய்வூதியமே கொடுத்தது. அதற்குச் சிறையிலிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆக, மத்திய அரசின் பாரத்தில் எது இருக்கக் கூடாதோ, மாநில அரசின் பாரத்தில் அது இல்லாவிட்டால் பணம் கிடையாது. சித்தப்பா ஜெயிலுக்குப் போனதைச் சில வருஷம் மறைத்தார், சில வருஷம் நிரூபிக்க அலைந்தார்.

ஆளை வேவு பார்ப்பது கடலூருக்குப் பழகிய வேலை. புதுச்சேரியில் பத்து வருஷம் இருந்த பாரதியைச் சுற்றிப் பிரிட்டிஷ்காரனின் ஒற்றர்கள் மொய்த்தார்கள். 1918 நவம்பரில் அவர் எல்லையைத் தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் போட்டு, டிசம்பரில் நிபந்தனை விதித்து வெளியே விட்டார்கள். கைதானதுண்டா, காவலில் வைக்கப்பட்டதுண்டா என்று அட்டஸ்டேஷன் பாரம் கேட்பதற்கெல்லாம் பாரதி 'ஆம்' என்று எழுத வேண்டியிருந்திருக்கும். மஞ்சக்குப்பத்தில் குமாஸ்தா வேலைகூடக் கிடைத்திருக்காது.

ஏட்டையா சித்தப்பாவை எழுதினாரா, விட்டாரா தெரியாது. மோர் குடித்தார், அப்பா கொடுத்ததை வாங்கிக்கொண்டார், 'பாதகமாக ஏதுமில்லை' என்று அறிக்கை போனது. அதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. தெருத் தெருவாக விசாரித்ததில் எனக்கு மத்திய அரசு வேலை என்பதும், குடிப்பதில்லை என்பதும், நாலணா பாக்கி இல்லை என்பதும் பண்ருட்டி வரை பரவிவிட்டது. பெண் வீட்டுக்காரர்கள் வந்து, அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அதே ஆட்களிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். கொல்லைக்காரர் அதே பதிலைச் சொன்னார்.

இப்படி விசாரித்ததை வைத்து வேலையைப் பறிக்கவும் செய்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு வாத்தியாருக்கு அப்படித்தான் ஆயிற்று, முன்பு ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்கம் என்று திரிந்தார் என்று போலீஸ் எழுத, வேலை போனது. வழக்கு 1983-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதி சின்னப்ப ரெட்டி, இது போலீஸ் ராஜ்ஜியம் இல்லை என்று கண்டித்து, அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை என்று மெக்கார்த்தி ஆடிய ஆட்டத்தையும் நினைவூட்டினார். அந்தச் செய்தியைப் படித்த அன்று சித்தப்பா எங்கள் வீட்டில் இரண்டு முறை காபி குடித்தார்.

இப்போது என் தம்பி மகனின் முறை. தேர்வு எழுதி மத்திய அரசு வேலைக்குத் தேறினான். பாரம் அதே பாரம்தான், கொஞ்சம் சட்டை மாற்றியிருக்கிறது. பச்சை மை போய்விட்டது. 2014-க்குப் பிறகு பெரும்பாலும் நம் நகல்களை நாமே மெய்யென்று கையெழுத்துப் போட்டால் போதும், பசு மாடு தேவையில்லை. போலீஸ் அறிக்கை வரும்வரை காத்திருக்காமல், உறுதிமொழி வாங்கிக்கொண்டு தற்காலிகமாகப் பணியில் சேர்க்கலாம் என்று 2016-ல் மத்திய அரசு சொன்னது. அவனுக்கு வாய்த்த துறைக்கு அந்த அவசரம் இல்லை.

டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. எங்கள் வீட்டை ஒட்டி அடுக்குமாடி. யாரும் யாரையும் விசாரிக்க வரவில்லை, வந்தாலும் பலனில்லை. எதிர்ப் பிளாட்டில் இருப்பவருக்கு அவன் பெயர் தெரியாது, அவன் வண்டியைத் தப்பாக நிறுத்துவது மட்டும் தெரியும். போனில்தான் கூப்பிட்டார்கள்: "தம்பி, ஆதார் ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." போனான். கம்ப்யூட்டரில் பெயரையும் அப்பா பெயரையும் தட்டினார்கள். நாட்டின் காவல் நிலையங்களை இணைக்க 2009-ல் ஒப்புதல் பெற்ற சி.சி.டி.என்.எஸ். என்ற வலையமைப்பு ஒரு வினாடி யோசித்து, ஒரு எப்.ஐ.ஆரைக் கக்கியது.

2020 மே மாதம். கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களால் கடலூர் மாவட்டத்தில் கொரோனா எகிறிக்கொண்டிருந்தது. என் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்கி வரப் பையன் பைக்கை எடுத்தான். தடுப்பில் மடக்கினார்கள், பைக்கைப் பிடுங்கினார்கள், 188, 269 என்று பிரிவுகளைப் போட்டார்கள். மாத்திரைச் சீட்டைக் காட்டியிருக்கிறான். சீட்டில் இருந்தது என் பெயர், பைக்கில் இருந்தது அவன். தமிழ்நாடு முழுக்க அப்படிச் சுமார் 10 லட்சம் வழக்குகள். 2021 பிப்ரவரியில், தேர்தல் வாசலில் நின்றபோது, வன்முறை, போலி இ-பாஸ் போன்றவை நீங்கலாக எல்லாம் வாபஸ் என்று அரசு அறிவித்தது. வழக்கு வாபஸ் ஆயிற்று, கம்ப்யூட்டருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஏட்டையாவிடம் நான்கு நல்ல வார்த்தை சொல்ல ஆயா இருந்தாள். திரையில் எப்.ஐ.ஆர். எண்தான் தெரிகிறது, மாத்திரைச் சீட்டு தெரிவதில்லை. நல்லவேளை, பையன் பாரத்தில் அந்த வழக்கை மறைக்காமல் எழுதியிருந்தான். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது: அற்ப வழக்கானால் மறைத்ததைக்கூட மன்னிக்கலாம், அதே சமயம் ஒளிக்காமல் சொன்னவனையும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் மேலதிகாரிக்கு இல்லை. உண்மை பேசுவது நல்லது, வேலை அவர்கள் இஷ்டம்.

இவ்வளவையும் திரட்டி எங்கே வைக்கிறார்கள் என்று ஒருநாள் அவன் கேட்டான். அமெரிக்கா வைத்த கதையைச் சொன்னேன். ரகசியப் பதவிக்கான அவர்களுடைய பாரம் நூறு பக்கத்துக்கு மேல்; மனைவி, மாஜி மனைவி, அக்கம்பக்கத்தார், மனநல டாக்டர் எல்லோரும் அதில் உண்டு. அந்தக் கிடங்குக்குள் எவனோ புகுந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிப் போனது 2015-ல் வெளியே தெரிந்தது. அதில் 56 லட்சம் பேரின் கைரேகையும் சேர்த்தி. பாஸ்வேர்டை மாற்றலாம், கட்டை விரலை என்ன செய்ய? அதே 2015-ல் கடலூரிலும் என் தகவல் ஒன்று அழிந்தது: பெட்டியில் வைத்திருந்த என் பாரத்தின் கார்பன் படி, நவம்பர் வெள்ளத்தில் கூழாகிவிட்டது. தகவல் பாதுகாப்பில் இதற்கு மேல் ஒரு ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

நம் ஊரிலும் 2023-ல் தனிநபர் தரவுக்கென்று ஒரு சட்டம் வந்தது. நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி மத்திய அரசு தன் அமைப்புகளில் எதை வேண்டுமானாலும் அதிலிருந்து விலக்கிவைக்கலாம். நம்மைப் பற்றி அதிகம் தெரிந்தவரிடமிருந்து மட்டும் நம்மைக் காப்பாற்றாத சட்டம்.

மாதங்கள் போயின. சாப்பாடு கொண்டுவரும் கம்பெனிகளில் சேரக்கூடப் போலீஸ் சான்று கேட்கிறார்கள் என்று பையன் விசாரித்து வந்தான். ஒரு ராத்திரி சாப்பிடும்போது சொன்னான்: "பெரியப்பா, எலெக்‌ஷன்ல நின்னுடலாம்னு பாக்கறேன். கேஸ் இருந்தாலும் அங்க சேத்துக்கறாங்க. வேட்பு மனுவோட லிஸ்ட்டு குடுத்து, பேப்பர்ல மூணு தடவ விளம்பரம் போட்டாப் போதுமாம். சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு." 2018 தீர்ப்பை அவன் சரியாகத்தான் படித்திருந்தான்.

"மூணு தடவ போட எவ்வளவு ஆகும்?" என்றாள் அவன் அம்மா.

பிறகு ஒருவழியாக உத்தரவு வந்து, வேலையில் சேர்ந்துவிட்டான். அவன் அம்மாதான் அந்த விளம்பரச் செலவை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.