கணிசம் என்றால் எவ்வளவு?
ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் விசையில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். எடைக்கல்லுக்கு மாமன் மச்சான் கிடையாது. ஓடிக்கொண்டே சுடும் ஐபிஎஸ்சி போட்டிதான் தாராளம். எல்லைக் கோட்டைத் தாண்டித் தரையில் கால் வைத்துச் சுட்டால் ஓர் அபராதம். 10 புள்ளி போச்சு. அதில் 'கணிசமான ஆதாயம்' கிடைத்திருந்தால், சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் ஓர் அபராதம். எது கணிசம்? அதிகாரியின் கண்தான் தராசு. புதுப் பையனின் ஷூ நுனி மண்ணில் பட்டதா, எட்டுக் குண்டு, 80 புள்ளி. பழைய சாம்பியன் முழுப் பாதத்தையும் ஊன்றினாரா, "அண்ணன் லேசாத் தடுமாறிட்டாரு, ஒண்ணு போடுப்பா." பையன் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் கட்டி. தோற்றால் அந்தப் பணமும் திரும்ப வராது.