புதுச்சேரியில் வெளியான குடும்ப இரகசியம்

கேள்வி: சூரியனுக்கு அடுத்த வீட்டில் மூன்று நக்ஷத்திரங்கள் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றனவாமே? எங்கள் ஜன்னலுக்குத் தெற்கே ஒன்டாரியோ ஏரி திறந்து கிடந்தும் ஒன்றையும் காணோமே?
— ஒரு வாசகர், பார்க்டேல், டொரன்டோ

பதில்: ஏரியின்மேல் குற்றமில்லை, பூமியின் உருண்டைதான் மறைக்கிறது. ஆல்பா செண்டாரி என்னும் அத்தொகுதி ஆகாயத்தின் தென்கோடியில் இருப்பதால், வட அட்சம் 29 பாகைக்குத் தெற்கே வசிப்பவர்களுக்கே தரிசனம் தரும். தாங்களோ 43 பாகையைத் தாண்டிக் குடியேறிவிட்டீர்கள். 1689 டிசம்பரில், வால்நக்ஷத்திரம் ஒன்றைக் காணும் பொருட்டுப் புதுச்சேரியில் தூரதரிசினியைத் திருப்பிய ரிஷோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், ஒன்றென்றே எண்ணப்பட்டிருந்த அந்த நக்ஷத்திரம் உண்மையில் இரண்டு என்று கண்டு சொன்னாராகையால், அக்குடும்பத்தின் இரகசியம் நம்மூரில்தான் அம்பலமாயிற்று என்று தாராளமாகப் பெருமைப்படலாம். ஒன்று சூரியனைவிடச் சற்றுப் பெரியது, மற்றது சற்றுச் சிறியது; ஏறத்தாழ 80 ஆண்டுக்கொருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. மூன்றாவதான பிராக்சிமாவோ, குடும்ப அட்டையில் பெயரை மட்டும் வைத்துவிட்டுத் தனிக்குடித்தனம் போன தம்பி. அண்ணன்மாரைப் பிரதக்ஷிணம் செய்ய ஐந்து லக்ஷம் ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் இந்த மங்கலான செந்நிறக் குள்ளனை, 1915இல் ஜோகன்னஸ்பர்க்கில் ராபர்ட் இன்னஸ் கண்டுபிடிக்கும்வரை யாரும் அறியார். ஆயினும் 4.24 ஒளியாண்டுத் தொலைவில் நமக்கு அதிசமீபத்தில் இருப்பவன் அவனே. 2016இல் அவனுக்கு ஒரு கிரகமும் உண்டென்று தெரிந்தது. அங்கே வருஷம் என்பது சுமார் 11 நாள், தீபாவளிச் செலவை நினைத்துப் பாருங்கள்!

மூவரைக் கண்டே தீருவதென்றால் வடக்கு ஜன்னலைத் திறவுங்கள். துருவ நக்ஷத்திரமும் மூன்றின் தொகுதியே. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறதென்று பிறகு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.