எரிஞ்சாத்தான் வேலை செய்யுது

செருப்பைக் கழற்றுகிறாரோ இல்லையோ, பெரியம்மா நம் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிடுவார். "என்னடி இது, தேங்காய் நார் மாதிரி வறண்டு கிடக்கு?" நாம் பதில் சொல்வதற்குள் ஃபிரிட்ஜ் திறந்திருக்கும். காபிக்கு வைத்த பாலின் ஆடை போயிருக்கும். கஸ்தூரி மஞ்சள் எவ்வளவு? "கொஞ்சம்." கடலை மாவு? "அதைவிடக் கொஞ்சம் கூட."

பூசியாயிற்று. இனிப் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, சுருக்கம் விழும். சம்பளம் எவ்வளவு, மாமியார் எப்படி, ரெண்டாவது எப்போ என்று அவர் கேட்க ஆரம்பிப்பது அப்போதுதான்.

"பெரியம்மா, எரியுது."

"எரியுதா? அப்ப வேலை செய்யுது."

அரித்தால் அழுக்கு வெளியே வருகிறது. சிவந்தால் ரத்த ஓட்டம். பொரிப் பொரியாகக் கிளம்பினால் உடம்புச் சூடு இறங்குகிறது. மறுநாள் தோல் உரிந்தால் இன்னும் சந்தோஷம், பழசு போய்ப் புதுசு வருகிறதாம். ஒன்றுமே ஆகாவிட்டால்தான் முகம் வாடுவார்: "இன்னும் ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கணும்." கற்றாழையை வெட்டி, மஞ்சள் பால் வடியும்வரை நிறுத்திவைத்துக் கழுவ வேண்டும், அந்தப் பால் பட்டால் அரிக்கும். பெரியம்மா வடிய விடமாட்டார். சத்தே அதில்தான் இருக்கிறதாம்.

அவர் நலங்கு மாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பயத்தம்பருப்பு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் எல்லாம் மொட்டைமாடியில் காயும். மில்லில் மிளகாய் அரைத்த மெஷினில் போட்டுவிடக் கூடாதே என்று பக்கத்திலேயே நின்று அரைத்து வாங்கி வருவார். டப்பாவைத் திறந்தால் வீடே மணக்கும்.

ஆனால் முல்தானி மட்டி? அது எண்ணெயை உறிஞ்சுகிற மண். எண்ணெய் வடிகிற முகத்துக்குப் போடலாம். மார்கழிப் பனியில் வெடித்துக் கிடக்கும் முகத்தில், இருக்கிற சொட்டுப் பசையையும் அது உறிஞ்சினால் என்ன மிஞ்சும்? அதன்மேல் எலுமிச்சைச் சாறு வேறு. குளித்த ஈரத்தோடு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு நான் பாட்டுக்கு ஆபீஸ் போவேன். "இயற்கைதானே, என்ன பண்ணிடும்?" என்கிறார். எருக்கம்பால்கூட இயற்கைதான் பெரியம்மா.

கழுவிய மாவு எங்கே போகிறது என்று யாராவது யோசிக்கிறார்களா? போன தடவை வாஷ்பேசினில் தண்ணீர் இறங்கவே இல்லை. பிளம்பர் வந்து குழாயைக் கழற்றினார். உள்ளே கெட்டியாகக் கடலை மாவு. "ஏன்க்கா, பஜ்ஜி மாவை இதுலயா கொட்டுறீங்க?" என்று நிமிர்ந்தார்.

நிமிர்ந்திருக்கக் கூடாது. அவர் மூக்கோரம் தோல் வெள்ளையாக உரிந்திருந்ததைப் பெரியம்மா பார்த்துவிட்டார்.

"தம்பி, ரெண்டு நிமிஷம் இப்படி உட்காருங்க."