இட்டேரி ஆவாரை

போகியன்று காலையில் பூக்கடையில், வாசலில் செருகும் காப்புக்கட்டு ஒரே கட்டாகக் கிடைக்கிறது: இரண்டு இணுக்கு வேப்பிலை, ஒரு கொத்துப் பூளைப்பூ, பாதி வாடிய ஆவாரை. முன்பு தாராபுரம் பக்கம் இதற்குக் கடையே கிடையாது. இட்டேரி என்கிற வண்டித்தடத்தின் இரண்டு பக்கமும் வேலியை ஒட்டி ஆவாரை மஞ்சளாக நிற்கும். சாயங்காலம் அரிவாளோடு போனால் வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் கிணற்றடிக்கும் சேர்த்தே ஒடித்து வந்துவிடலாம். “கொப்ப ஒடி கண்ணு, தூரைப் புடுங்கிப்போடாத” என்று அம்மாயி பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருவார்.

அன்றைக்கு ஆவாரையை யாரும் வளர்க்கவில்லை, ஆனால் எல்லோரும் எடுத்தார்கள். சேற்றுவயலில் தழையை மிதித்தார்கள். வெயிலில் வேலை செய்கிறவர்கள் இலையைத் தலையில் வைத்து உருமால் கட்டினார்கள். பட்டை தோல் பதனிடப் போனது. திண்டுக்கல், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் பல தலைமுறைத் தோல் இந்தப் பட்டைச்சாற்றில் ஊறித்தான் பதமானது. பிறகு வாட்டில் மரப்பட்டையும் குரோமும் வந்தன. ஆவாரம்பட்டைக்குக் கிராக்கி போயிற்று. இத்தனை பேர் ஒடித்தும் மறுபடி மறுபடி துளிர்த்த செடி, ஒடிக்க ஆளில்லாத காலத்தில்தான் காணாமல் போனது. இட்டேரிகள் தார் ரோடு ஆயின. புறம்போக்கைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. காட்டை மனை போட்டபோது பொக்லைன் முதலில் வழித்தெடுத்தது இதைத்தான். ரோட்டுக்கு நடுவே மஞ்சள் பூ வேண்டும் என்றால் அமெரிக்கக் கண்டத்து டெக்கோமாவை வைக்கிறோம். தெலங்கானாவில் இதே ஆவாரையை மாநில மலராக வைத்து, பதுகம்மா பண்டிகையின் பூ அடுக்கில் முக்கிய இடம் கொடுக்கிறார்கள்.

இப்போது ஆவாரம்பூ டீத்தூள் மளிகைக் கடையிலேயே இருக்கிறது. சர்க்கரைக்கு நல்லது என்று குடிக்கிறார்கள். குடிக்கட்டும், டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம். பொடியை அறிந்த பிள்ளைகளுக்குச் செடியைத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம். இதற்கு ஒரு வழி, வாசலில் ஒன்றை வளர்ப்பது.

தட்டையான காய் பழுப்பாகிச் சலசலக்கும்போது பறிக்க வேண்டும். விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டால் மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, விதையைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பதை விதைக்கலாம். உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் திரும்ப ஊறப்போட வேண்டும். மழைக்கு முன்னால், நிற்கப்போகிற இடத்திலேயே 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுவது உத்தமம். ஆணிவேர் வேகமாக இறங்கும், பிடுங்கி நட்டால் அதற்குப் பிடிக்காது. கவரில் போட்டால் வேர் அடியைத் தொடும் முன்பே மண்ணோடு இறக்கிவிட வேண்டும். நர்சரியில் வாங்குகிறவர்கள் இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். காது மடல் போல இரண்டு அகலமான செதில்கள் இருந்தால் அது ஆவாரை.

நாள் முழுக்க வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. சரளை மண்ணே போதும். வேர் பிடித்தபின் நிறைய தண்ணீரும் எருவும் கொடுத்துக் கெடுக்காதீர்கள், இலைதான் கொழிக்கும்.

பூத்ததும் காலையில் பக்கத்தில் போய் நில்லுங்கள். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் பைக்குள் அடைபட்டிருக்கும், நுனியிலுள்ள சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்து, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவிடும். பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று கூர்மையாகும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டி, அதன் வயிறு மஞ்சளாகும். கருவண்டு வராத தெருவில் ஆவாரை பூத்தாலும் காய் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே மருந்தடிக்க வேண்டாம். இலையில் பச்சைப் புழு மேய்ந்தால் அது வெளிர்நிறப் பட்டாம்பூச்சியாகப் போகிற புழு. ஒரு கிளையை அதற்கு விட்டுவிடலாம், செடி தாங்கும்.

விட்டால் ஆள் உயரத்துக்கு மேல் கோணலாக வளரும். காய்த்து முடிந்ததும் இடுப்பளவுக்குக் கவாத்து செய்தால் அடுத்த மழைக்குப் பக்கக் கிளை வெடித்து அடர்த்தியாகப் பூக்கும். வெட்டின தழையைக் குப்பையில் போடாமல் தென்னை மூட்டில் பரப்பிவிடுங்கள், மட்கி மண்ணோடு சேரும்.