சாவா மூவாப் பேராடும் அடுத்த வீட்டு நாயும்

அடுத்த வீட்டார் வெளியூர் போகும்போது அவர்களுடைய நாயையோ பூனையையோ பார்த்துக்கொள்வதற்கு எவ்வளவு கூலி கேட்பது முறை என்னும் கேள்வி பார்வைக்குச் சிறியதே; எனினும் பொருளியலும் சட்டமும் தெருவழக்கமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் அதுவாகையால், அதைப் பொறுமையாக ஆராய்வது தகும். விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரத்துக்கு அண்மையில் உள்ள பிரம்மதேசம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களம் ஆகும். பாதாளீசுவரர், பிரம்மபுரீசுவரர் என்னும் இரண்டு சோழர்காலக் கோயில்களும், கூலி நிர்ணயிக்கப்படாத ஏராளமான நாய்களும் அங்கு ஒருசேரக் காணக் கிடைக்கின்றன. (திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் பக்கம் இன்னொரு பிரம்மதேசமும், செய்யாற்றுப் பக்கம் மற்றொன்றும் உண்டு. அந்தணர்க்குக் கொடையாக விடப்பட்ட ஊர்களுக்குப் பரவலாக வழங்கிய பெயர் அது. நாயைக் கூடையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறுவோர் பெயர்ப்பலகையை முழுதாகப் படித்துவிட்டு ஏறுவது நல்லது.)

பிறர் விலங்கைப் பேணுவதற்குரிய விலையைத் தமிழர் ஒரு காலத்தில் ஐயத்துக்கு இடமின்றித் தீர்மானித்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்திருந்தனர். கோயிலில் இரவும் பகலும் அணையாது எரியும் விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர். அதனை எரிக்க விரும்பிய கொடையாளி நெய்யைத் தானே சுமந்து சென்று ஊற்றிக்கொண்டிருக்கவில்லை. ஆடுகளை வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்தார். கோயில் அவற்றை இடையரிடம் ஒப்படைத்தது. இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு விளக்குக்குச் சில இடங்களில் தொண்ணூறு ஆடுகளும் வேறு பல இடங்களில் தொண்ணூற்றாறு ஆடுகளும் கணக்காயின. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கணக்குப்படி தொண்ணூற்றாறு ஆட்டுக்கு ஈடாக நாற்பத்தெட்டுப் பசுவையோ பதினாறு எருமையையோ கொடுக்கலாம். அதாவது ஓர் எருமை மூன்று பசுவுக்கும் ஆறு ஆட்டுக்கும் சமம் என்பதில் அரசனுக்கோ இடையனுக்கோ குழப்பம் இருக்கவில்லை. ஒரு லாப்ரடார் எத்தனை நாட்டு நாய்க்குச் சமம் என்று இன்று பிரம்மதேசத்தில் எவரைக் கேட்டாலும் விடை கிடைக்காது. கேட்டவரைப் பற்றிய விசாரணை மட்டும் தொடங்கும்.

இவ்வாறு ஒப்படைக்கப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை என்று இதற்குப் பொருள். ஆடுகள் அமுதம் உண்டன என்று எவரும் இதனால் கொள்ள வேண்டியதில்லை. செத்த ஆட்டின் இடத்தில் குட்டியை நிறுத்தி எண்ணிக்கையை எந்நாளும் குறையாமல் வைத்திருப்பது இடையரின் பொறுப்பு என்பதே அதன் கருத்து. கணக்கெடுக்கும்போது தொண்ணூற்றாறு தலை தெரிந்தால் போதும், எந்தத் தலை என்று கோயில் கேட்பதில்லை. இவ்விதியை அடுத்த வீட்டுப் பொமரேனியனுக்கு நீட்டிப்பதில் நடைமுறை இடர் உண்டு. உரிமையாளர் திரும்பி வரும்போது ஏறக்குறைய அதே நிறத்தில் வேறொரு நாயை நிறுத்தி, எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று சொல்லும் துணிவு, கல்வெட்டியல் நன்கு பயின்றவர்க்கும் வருவது அரிது.

இதில் மேலும் நோக்கத்தக்கது கூலி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் சென்றது என்பது. உழக்கு என்பது நாழியில் கால் பங்கு. ஆகவே நாளுக்கு ஓர் உழக்கென்றால் ஆண்டுக்குத் தொண்ணூற்றொன்றேகால் நாழி. தொண்ணூற்றாறு ஆட்டின்மேல் பிரித்தால் ஆடொன்றுக்கு ஆண்டுக்கு ஒரு நாழிக்கும் சற்றுக் குறைவான நெய். அதற்கு மேற்பட்ட பால், மிகுந்த குட்டி, எரு ஆகிய யாவும் பேணுபவர்க்கு ஆதாயம். விலங்கைப் பார்த்துக்கொண்டவரே உடையவர்க்கு அளந்தார், அளந்த பின்னும் அவர்க்கு மிஞ்சியது. ஆட்டுக்கிடை என்னும் வழக்கமும் இவ்வகையினதே. அறுவடையான வயலில் இரவில் மந்தையை அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாகுமாதலால், மந்தைக்கு இரவுத்தங்கல் கொடுக்கும் நிலக்காரரே ஆட்டுக்காரருக்குக் கூலி கொடுக்கிறார். நாய்க்கிடை போடச் சொல்லி இதுவரை எந்த உழவரும் எவரையும் அழைத்ததில்லை.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. ஆடும் மாடும் தம்மைப் பேணுவதற்கான கூலியைத் தாமே உடம்பில் சுமந்துகொண்டு வருகின்றன; வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விட்ட ஆடு ஈன்றால் குட்டியில் பாதி வளர்த்தவர்க்கு என்று பேசி முடித்துவிடலாம். வளர்ப்பு நாயோ நெய் தருவதில்லை, எரு தருவதில்லை. குரைப்பு ஒன்றே அதன் விளைபொருள். அதில் பாதிப் பங்கை எவரும் கேட்பதில்லை, கேளாமலேயே முழுப் பங்கும் தெருவுக்குக் கிடைத்துவிடுகிறது. ஆகவே கூலி வேறெங்கிருந்தோ, அதாவது உரிமையாளரின் சட்டைப்பையிலிருந்து, வர வேண்டியதாகிறது; சட்டைப்பை குறுக்கே வந்தவுடன் நட்பும் குறுக்கே வந்து நிற்கிறது.

விளைபொருளில் பங்கு கொடுப்பதா, கட்டுக்கூலி கொடுப்பதா என்பது பழைய வழக்கு. மேய்ப்பவர்க்குப் பாலையும் நெய்யையும் கூலியாகக் கொடுத்தால் அவர் கன்றுக்கு விடாமல் கறந்துவிடுவார் என்று அஞ்சிய அர்த்தசாத்திரம், நூறு நூறு மாடுகளுக்குக் கட்டுக்கூலி வகுத்தது. மாடு செத்தால் அடையாளக் குறியிட்ட தோலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றும் கூறியது. (இன்றைய உரிமையாளர் காலை, மாலை இருவேளையும் வாட்ஸாப்பில் படம் கேட்பதும் இதே மரபின் தொடர்ச்சியே, நாய் உயிரோடிருக்கும்போதே சான்று கேட்பது மட்டும் புதிது.) பாபிலோனில் அம்முராபியின் சட்டம் மேய்ப்பவர்க்கு ஆண்டுக்கு எட்டுக் ‘குர்’ அளவு தானியம் என்று விதித்ததோடு, தொழுவத்தில் சிங்கம் புகுந்து கொன்றால் நட்டம் உடையவர்க்கு, மேய்ப்பவரின் கவனக்குறைவால் கெட்டால் நட்டம் மேய்ப்பவர்க்கு என்றும் பிரித்து வைத்தது. பிரம்மதேசத்தில் சிங்கம் புகுவதற்கு வாய்ப்பில்லை. எதிர்வீட்டு நாய் புகும். அந்நட்டம் எவருடையது என்பதை எந்தப் பேரரசும் தெளிவாக்கவில்லை.

தீனிச் செலவைப் பொறுத்தவரை அண்டை ஊரான எண்ணாயிரமே முன்மாதிரி தருகிறது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அங்கே நடந்த கல்விச்சாலையைப் பற்றிய கல்வெட்டு, இளநிலை மாணவர் இருநூற்றெழுபதின்மர்க்கு நாளொன்றுக்கு ஆளுக்கு ஆறு நாழி நெல் என்றும், மேல்நிலை மாணவர் எழுபதின்மர்க்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி, என்றும் வகுக்கிறது. பிறர் வீட்டுப் பிள்ளையைத் தங்கவைத்துச் சோறிடும்போதே தலைக்கு இவ்வளவு என்று அளவு குறித்த ஊர்ப்பக்கத்தில், பிறர் வீட்டு நாய்க்கு ‘நாங்க சாப்பிடறதுல ஒரு வாய் போட்டா போதும்’ என்று சொல்லிவிட்டுப் பேருந்தேறுவது வரலாற்று உணர்வு குன்றியதன் அடையாளமாகும். அந்த ஒரு வாய் என்பது, நாய் உண்மையில் வந்து சேர்ந்த பின், வீட்டார் வாங்காத கோழிக்கழுத்தாகவும், கெடாத தயிராகவும், ஒரு குறிப்பிட்ட கடையின் ஒரு குறிப்பிட்ட பிஸ்கட்டாகவும் விரியும் இயல்புடையது.

பிரம்மதேசத்தின் இன்றைய விலைமுறை பண்டமாற்று ஆகும். நாயை ஒப்படைத்துத் திருப்பதிக்குப் போனவர் லட்டு கொண்டுவருகிறார். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போனவர் குங்குமமும் எலுமிச்சம்பழமும் கொண்டுவருகிறார். கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய காலமானால் ஒரு முறம் மல்லாட்டை வருகிறது. பணம் பற்றிய பேச்சு எழுந்தால், ‘காசெல்லாம் எதுக்குங்க, நம்ம வூட்டு நாயாட்டம்தானே’ என்று பார்த்துக்கொள்பவர் மறுப்பதும், ‘அப்படிச் சொல்லாதீங்க அக்கா’ என்று உரிமையாளர் மடித்த நோட்டை நீட்டுவதும், அது இரு கைகளுக்கிடையே சிலமுறை சென்று வந்து இறுதியில் பார்த்துக்கொண்டவர் வீட்டுக் குழந்தையின் சட்டைப்பையில் அடங்குவதும் முறைப்படி நடந்தேறும். இம்முறையின் குறை, லட்டு நாட்கணக்கை அறியாது என்பதே. ஓரிரவு பார்த்தாலும் பத்து நாள் பார்த்தாலும் லட்டு ஒன்றுதான். நாட்கணக்கும் நம்பத்தக்கதன்று. சோழர் கல்வெட்டு ‘சந்திராதித்தவல்’, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, என்று கால எல்லையை நேர்மையாக முன்கூட்டியே அறிவித்துவிடும். ‘ரெண்டே நாளு’ என்று போனவர் சென்னையிலிருந்து மகள் வீட்டுக்கும், அங்கிருந்து மகளின் மாமியார் வீட்டுக்கும் போய் வருவார்.

கூலியே இல்லாமல் பார்த்துக்கொள்வது செலவில்லாதது என்னும் எண்ணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. ஒருவர் பொருளை இன்னொருவரிடம் திருப்பித்தரும்படி ஒப்படைப்பதை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தனி இயலில் பேசுகிறது. ஊதியம் பெறாமல் பேணுபவர்க்கும், பேணுவதற்குத் தேவையான செலவை உடையவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது 158ஆம் பிரிவு. ஒப்படைத்த பசு கன்று ஈன்றால் கன்றையும் சேர்த்துத் திருப்ப வேண்டும் என்பது 163ஆம் பிரிவு தானே தரும் எடுத்துக்காட்டு. பார்த்துக்கொள்ள விட்ட பூனை கட்டிலுக்கடியில் நான்கு குட்டி போட்டிருக்கக் கண்டவர்க்கு இதைவிட ஆறுதலான சட்டம் இந்நாட்டில் வேறில்லை. நான்கையும் வாங்கிக்கொள்ள உடையவர் தயங்கினால் பிரிவு எண்ணைச் சொல்லலாம். தன் பொருளை ஒரு சராசரி விவேகி எவ்வளவு கவனத்துடன் காப்பாரோ அவ்வளவு கவனம் போதும் என்கிறது 151ஆம் பிரிவு; தன் நாயை அவ்விவேகி தெருவிலேயே விட்டிருப்பவரானால் இப்பிரிவு உரிமையாளர்க்கு எவ்வளவு துணை செய்யும் என்பது வழக்கறிஞர்கள் விவாதிக்கத்தக்கது. யாவற்றிலும் முதன்மையானது 150ஆம் பிரிவு. ஒப்படைக்கும் பொருளில் தமக்குத் தெரிந்த குறையை, அது பெறுபவரை வழக்கத்துக்கு மீறிய ஆபத்துக்கு உட்படுத்துமானால், உடையவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ‘அது ஒண்ணும் பண்ணாதுங்க’ என்று பிரம்மதேசத்தில் நாள்தோறும் சொல்லப்படும் சொற்றொடர் இப்பிரிவை நிறைவு செய்யாது. அச்சொற்றொடரை நம்பியவர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தடுப்பூசிக்காகப் பல தவணை போய்வர வேண்டியிருக்கும். ஊசி இலவசம், பேருந்தும் அரைநாள் வேலையும் இலவசமல்ல.

அரசே விலங்கு பேணுவதற்குக் கட்டணம் குறித்ததும் உண்டு. பயிரில் மேய்ந்த கால்நடையைப் பவுண்டில் அடைப்பது பற்றிய 1871ஆம் ஆண்டுச் சட்டம், தண்டத்தொகையைத் தனியாகவும், தீனிக்கும் தண்ணீருக்கும் ஆகும் செலவைத் தனியாகவும் பிரித்து, விலைப்பட்டியலைப் பவுண்டின் அருகே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்கச் சொன்னது. அச்சட்டத்தில் கால்நடை என்னும் சொல் யானையையும் ஒட்டகத்தையும் உள்ளடக்கும். கழுதையும் பன்றியும் உண்டு. நாயும் பூனையும் இல்லை. தீனியையும் உழைப்பையும் கலக்காமல் வைப்பதே நியாயத்துக்கு முதற்படி என்பதற்கு இச்சட்டம் சான்றாகுமாதலால், தீனியை உரிமையாளரே மூட்டையோடு தர வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

எஞ்சுவது உழைப்பு. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டில் குறிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஒரு நாய்க்கு இருவேளைச் சோறு, இருவேளை நடை, இடி இடித்தால் அதனை மேசைக்கடியிலிருந்து வெளியே வரவழைத்தல் ஆகியவற்றுக்கு நாளில் இரண்டு மணி நேரம் என்று கொண்டால், எட்டு மணி நேர வேலையில் அது கால் பங்கு. ஆகவே கூலி 84 ரூபாய். சென்னையின் நாய் விடுதிகள் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. லட்டோடு ஒப்பிட்டால் மிக அதிகம். கோழிகளுக்குத் தனிக்கூலி தேவையில்லை, முட்டையே போதும். பூனை பெரும்பாலும் தன்னைத்தானே பார்த்துக்கொள்வதால், அதற்குரிய தொகை பால் திருட்டுக்கான ஈடாக மட்டும் அமையும். பச்சைக்கிளிக்கு விலை குறிக்க இயலாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வளர்ப்பதே குற்றமாதலால், அங்கே கைமாறுவது பார்த்துக்கொள்ளும் கூலியா, வாயை மூடிக்கொள்ளும் கூலியா என்பதைப் பிரிப்பது கடினம்.

இந்த 84 ரூபாயை வாய்விட்டுக் கேட்பவர் யார் என்பது மட்டும் தீராமல் நிற்கிறது. சோழர் காலத்தில் ஓர் இடையருக்கு இன்னோர் இடையர் புணை நின்றார், அதாவது ஜாமீன் ஏற்றார். அதுபோல் தன் கூலியைத் தானே கேட்கக் கூசுபவர்க்காக மூன்றாம் வீட்டார் கேட்டுக்கொடுக்கலாம் என்னும் யோசனை தெருவில் பரவலாக ஏற்கப்பட்டது. மூன்றாம் வீட்டார் அதற்குக் கேட்ட கமிஷன் இன்னும் முடிவாகவில்லை.